ராத்துவின் தலைக்கு மேலே

ஜூலை 3, திங்கள்

மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது தலைநகர் சூவாவிலிருந்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்து மக்கெரெட்டா அக்கா போனில் கூப்பிட்டாள்.

"உனா, நல்ல சேதி. பரிமாற்றக் குழு மொத்தமும் உங்க ஊருக்கு வருது. பதினெட்டாம் தேதி. ரெண்டு நாள் தங்கறாங்க."

எங்கள் ஊருக்கா? ஐந்து நாட்டிலிருந்து பதினொரு பேர். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், என்னைப்போல் சக்கர நாற்காலிக்காரர்கள். சூவாவில் ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள், அக்டோபரில் நாங்கள் நாலு பேர் ஜப்பானுக்குப் போவோம். அவ்வளவுதானே பேச்சு?

"ஏன்க்கா எங்க ஊரு?"

"விண்ணப்பத்துல நீ எழுதினியேடி! ஊர் மண்டபத்துக்குள்ள நாற்காலியிலேயே போவேன், எல்லாரோடயும் உட்காருவேன்னு. நான் விசாரிச்ச ஊர்ல ஒண்ணுகூட அப்படி இல்ல. அதைத்தான் அவங்களுக்குக் காட்டணும்."

சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அம்மா, "யாரு?" என்றாள். "சும்மா" என்றேன்.

நான் எழுதியது பொய்.

ஜூலை 4, செவ்வாய்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் பயம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பார்ப்போம்.

எங்கள் மண்டபத்துக்குள் யாரும் நிற்க மாட்டார்கள். குனிந்து, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய்ப் பாயில் உட்கார வேண்டும். ஊர்த்தலைவர் ராத்து நெமானி மேல்பக்கத்தில் பாயில் அமர்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே யார் தலையும் இருக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் தலை அவருக்கு ஒரு முழம் மேலே நிற்கும். பிறகு எப்படிப் போவேன்?

பதினாலு வயதில் லாரியிலிருந்து விழுந்து கால் போன பிறகு மண்டபத்துக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். சித்தப்பாவின் சாவுக்கு. என் அண்ணன் வைசேக்கியும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு பேரும் அவர்களுக்குள் ரக்பி பேசினார்கள். நடுவில் என் சூலுத் துணி இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. ஊர் முழுக்கப் பார்த்தது. "பிடி, பிடி, கால் அந்தப் பக்கம்" என்றான் ஒருவன், மேசையைத் தூக்குகிற மாதிரி. ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் மண்டபத்தில் என்ன நடந்தாலும் நான் பின்னால் அடுப்படிக் கொட்டகையில் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன்.

பின்னே ஏன் எழுதினாய், உனைசி? ஜப்பான் போக முப்பத்துநாலு பேர் கேட்டார்கள், நாலு இடம். அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறவளை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

பயம் குறையவில்லை.

ஜூலை 6, வியாழன்

அக்காவுக்குச் செய்தி எழுதி அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். நாலு தடவை. அவளே ஒரு செய்தி அனுப்பினாள்:

"ஜப்பான்லேர்ந்து மிச்சிருன்னு ஒரு பொண்ணு. பிறவியிலேயே எலும்பு ரொம்ப நொறுங்கும். அவளை யாரும் தூக்கக் கூடாது. கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. தோளைத் தட்டக் கூடாது. ஊர்ல சொல்லி வை. ஆனா உங்க மண்டபத்துல அந்தக் கவலையே இல்லையே."

ஐயோ.

ஜூலை 8, சனி

ஊர் முழுக்கக் கல்யாணக் களை. பாய்களை வெயிலில் காயப் போட்டிருக்கிறார்கள். பன்றிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அம்மா புதுப் பாய் முடைகிறாள், ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல் வைத்து.

வைசேக்கியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அண்ணா, அந்த ஜப்பான் பொண்ணைத் தூக்கக் கூடாதாம்."

"அட, பயப்படாதே. நாங்க நாலு பேர் இருக்கோம். பூ மாதிரி எடுத்துப் பாயில வச்சிருவோம்."

"தூக்கவே கூடாதுன்னு சொல்றேன். எலும்பு உடைஞ்சிரும்."

"உன்னைத் தூக்கலையா? உடைஞ்சுதா? நூத்திருபது கிலோ பன்னியை லோவோ அடுப்புக் குழிக்குள்ள சத்தமில்லாம இறக்குற கை இது, தெரியுமா?"

பன்னியாம்! சிரித்துக்கொண்டே கையை முறுக்கிக் காட்டுகிறான். அவனுக்குக் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் எனக்கு நடுக்கம். வருகிறவளைக் கதவுக்கு வெளியே விட்டு வைப்பது இவர்களுக்கு மரியாதைக் குறைவு. ஓடி வந்து தூக்கிவிடுவார்கள். அன்போடு உடைத்துவிடுவார்கள்.

கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது, ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி.

ஜூலை 10, திங்கள்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா ராத்துவின் வாய். ராத்துவிடம் யாரும் நேரே பேச முடியாது, அப்பா வழியாகத்தான். விருந்தாளி காணிக்கையாகக் கொண்டுவருகிற, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டை வாங்கி, அவர்கள் சார்பாகவும் ராத்து சார்பாகவும் பேசுகிறவர் அவர்தான். மண்டபத்தில் அப்பா குரல் எடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். வீட்டில் பேசுவது குறைவு.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "காகிதத்துலயா எழுதின?"

"ஆமாப்பா."

"பேனாவாலயா?"

"ஆமா."

வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை. நான் இரண்டு நாளாக மனசில் வைத்திருந்த யோசனையைச் சொன்னேன். "ராத்து உட்கார்ற இடத்தை உயர்த்திட்டா? ஒரு மேடை போட்டு, மேல பாய் விரிச்சு... அப்போ எங்க தலை கீழதானே இருக்கும்?"

அப்பா முகம் மாறியது. "வேணாம்."

"ஏன்ப்பா? பட்டம் கட்டுறப்போ மேடை போட்டாங்கன்னு நீங்கதானே..."

"வேணாம்னா வேணாம். மேடைப் பேச்சை இதோட விடு, உனா!"

கத்தி கையில் நின்றுவிட்டது. அது கோபம் இல்லை. கோபத்தை எனக்குத் தெரியும். அப்பா பயந்தார். எதற்கு?

ஜூலை 11, செவ்வாய்

அப்பா வேண்டாம் என்றாலும் என் கை சும்மா இருக்கவில்லை. மீன்பிடி நூல் ஒன்றை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையிலிருந்து அளந்தேன். இருக்கைக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒன்று, உச்சந்தலைக்கு ஒன்று. மிச்சிரு ரொம்பச் சின்ன உருவம். அக்கா அனுப்பிய படத்தில் பார்த்தால் என் தோள் வரைக்கும்கூட வரமாட்டாள். வருகிற மற்ற நாற்காலிக்காரர்களும் சின்ன ஆட்கள்தான். ஆக, என் மூன்றாவது முடிச்சை ராத்துவின் தலை தாண்டினால் போதும்.

நூலைச் சுருட்டி நாற்காலிப் பையில் போட்டேன். இன்னும் ஏழு நாள்.

ஜூலை 13, வியாழன்

எழுத்து கோணலாகப் போகிறது.

இன்று மாதக் கூட்டம். எல்லாரும் வருவதற்கு முன்னால் மண்டபத்தைச் சுற்றிவந்து படிகளை அளக்கலாம் என்று போனேன். கீழ்வாசலில் மூன்று படி. பக்கவாட்டில் ராத்துவின் வாசல். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. மா மரத்துக்குப் பின்னால்தான் நின்றேன், சத்தியமாக.

அப்பா வந்தார். அவர் முதுகில் ராத்து.

எங்கள் ராத்து! பிள்ளையை உப்புமூட்டை தூக்குவது போல அப்பா சுமந்துகொண்டு படி ஏறுகிறார். ராத்துவின் இடது கால் மட்டும் விறைத்து நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டை மாதிரி. உள்ளே பாயில் இறக்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்து மடக்கி வைக்கப் பார்த்தார். மடங்கவில்லை. சூலுவை இழுத்து மூடினார். அப்போதுதான் ராத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் கண்ணைத் தாழ்த்தியிருக்க வேண்டும். தாழ்த்தவில்லை. அப்பாவும் திரும்பினார்.

சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது.

இதனால்தான் ராத்து எப்போதும் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் போன பிறகு எழுந்திருக்கிறார். மேடை போட்டால் ஊர் பார்க்க ஏற வேண்டும். முட்டாள், முட்டாள், மேடையாம் மேடை.

கூட்டம் முடிந்து அப்பா வந்தார். அம்மா வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"நீ எதையும் பார்க்கல."

"பார்க்கலப்பா."

"ரெண்டு வருஷமா எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். இனோக்கே காதுக்குப் போச்சுன்னா, எழுந்து நிக்க முடியாதவனுக்கு எதுக்குத் தலைமைன்னு கேட்பான். ராத்துவுக்குத் தம்பி முறைதான், ஆனா அடுத்த தலைவர் தான்தான்னு காத்துக்கிட்டிருக்கான்."

எழுந்து நிற்க முடியாதவன் என்று சொன்னபோது அப்பா என் நாற்காலியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஜூலை 14, வெள்ளி

ராத்து கூப்பிட்டனுப்பினார். என்னை. தனியாக.

ஊரை விட்டுப் போகச் சொல்வாரா? அப்பாவை வேலையிலிருந்து எடுத்துவிடுவாரா? அவர் வீடு கல்மேடை மேல் இருக்கிறது. அவர் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே மண்ணில் நாற்காலியில். அப்படியும் அவர் தலை என்னைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கப் போனேன்.

"இறங்காதே. அங்கயே இரு."

இருந்தேன்.

"உன்னைத் தூக்கிக்கிட்டுப் போவாங்களே, அப்போ எதுக்குப் பயப்படுவ? கீழ போட்டுருவாங்கன்னா?"

இதைக் கேட்கவா கூப்பிட்டார்? யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "இல்லை ராத்து. கீழ போட்டா வலிக்கும், அவ்வளவுதான். தூக்கட்டுமான்னு யாரும் கேட்க மாட்டாங்க. தூக்கிக்கிட்டு அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. நான் அங்க இல்லவே இல்லாத மாதிரி. அதுக்குத்தான் பயம்."

ராத்து வாய்விட்டுச் சிரித்தார். "உங்கப்பன் என்னைத் தூக்குறப்போ மூச்சுவிடாம பேசுவான். மழை வருமா, கிழங்கு விளைஞ்சுதா, அவன் மாமியார் எப்படிப்பட்டவ, எல்லாம். எதுக்கு இவ்வளவு பேசுறான்னு நினைப்பேன்."

அப்பாவா? வீட்டில் பத்து வார்த்தை பேசாதவரா?

நான் எழுதிய பொய்யைச் சொன்னேன். மிச்சிருவின் எலும்பைச் சொன்னேன். வைசேக்கியின் பன்றிக் கையையும் சொன்னேன். அழுதேன். எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"அந்த நாற்காலி எவ்வளவு உயரம்?"

பையிலிருந்து நூலை எடுத்து நீட்டினேன். மூன்று முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை.

"சரி, போ."

அவ்வளவுதான். சரி என்றால் என்ன சரி?

ஜூலை 17, திங்கள்

மக்கெரெட்டா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "பஸ் பேசியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு. நாளைக்கு நான் எங்க கொண்டுபோய் இறக்குவேன் அவங்களை? உன் ஒரு வரியை நம்பி வந்தேன் உனா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஜப்பான் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

போச்சு. போகட்டும். நாளைக்கு எந்த எலும்பும் உடையாமல் இருந்தால் போதும்.

ஜூலை 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கீழ்வாசல் படிமேல் பழைய படகுப் பலகையில் சரிவுப் பாதை போட்டிருந்தது. வைசேக்கி வேலை. "உங்கப்பா போடச் சொன்னாரு, போட்டேன்" என்றான், அவனுக்கு அவர் அப்பா இல்லாத மாதிரி. மேல்பக்கத்தில் ராத்துவின் இடத்தில் ஏதோ ஒன்று பாயால் போர்த்தி நின்றது. "அது என்ன?" "கேட்காதே, வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பஸ் வந்தது. மிச்சிரு பொம்மை அளவுதான் இருந்தாள். பேச்சு மட்டும் ஆள் உயரம். "நீதான் உனைசியா? உன் நாற்காலிச் சக்கரம் கத்துதே, எண்ணெய் போட மாட்டியா?" சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஊர் மொத்தமும் உள்ளே உட்கார்ந்திருந்தது. ராத்துவின் இடம் காலி. இப்படி ஒருநாளும் ஆனதில்லை. உள்ளே முணுமுணுப்பு. இனோக்கே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அப்பாவையும் காணவில்லை.

மிச்சிரு சரிவில் ஏறி வாசலுக்கு வந்தாள். அங்கே பாய் தொடங்குகிறது. நான் பயந்தது அப்படியே நடந்தது. வைசேக்கியோடு சேர்த்து நாலு பேர் எழுந்து, குனிந்து, "துலோ, துலோ" என்று சிரித்த முகத்தோடு வந்தார்கள். எட்டுக் கை. ஒருவன் அவள் முழங்காலுக்கு அடியில் கையை விட்டான்.

"தொடாதே!"

நான்தான். மண்டப வாசலில், பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பெண் கத்தினாள் என்றால் அது நான்தான். எட்டுக் கையும் அப்படியே நின்றன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இனோக்கே எழுந்தேவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது யாரோ வெளியே கையைக் காட்டினார்கள்.

புல்வெளியின் நடுவே, நல்ல வெயிலில், அப்பா ராத்துவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். மரத்தடி வழியில் இல்லை. எல்லாரும் பார்க்க, நடுவழியில். அப்பா பேசிக்கொண்டே வந்தார், ராத்து தலையாட்டிக்கொண்டே வந்தார். தன் வாசலில் நுழைந்ததும் ராத்து அந்தப் பாயை இழுத்தார். உள்ளே தேவாலயத்து நாற்காலி. கால்கள் நாலிலும் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். என் நூல் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

அவரே பேசினார். அப்பா வழியாக இல்லை.

"ரெண்டு வருஷமா என் கால் மடங்கல. உங்ககிட்ட மறைச்சேன். இன்னையிலேர்ந்து நான் நாற்காலியிலதான். நாற்காலியோட வந்தவங்க நாற்காலியோட உள்ள வரட்டும்."

அப்பா ஏற்றுக்கொண்டோம் என்று மரியாதையாகக் கையைக் குவித்துத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் தட்டினார்கள். இனோக்கே தட்டவில்லை. யங்கோனாக் கிண்ணம் வந்தபோது வாங்கவும் இல்லை.

நாங்கள் அம்மாவின் புதுப் பாய் மேலே உருண்டு போனோம். சக்கரத் தடம் பதிந்தது. அம்மா தடத்தைப் பார்த்துவிட்டு, நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டாள்.

ஜூலை 19, புதன்

கிளம்புவதற்கு முன் மிச்சிரு சொன்னாள்: "இதுவரைக்கும் நாற்பத்தோரு முறிவு. நாற்பத்திரெண்டாவது உங்க ஊர்லதான்னு நினைச்சேன். நல்லாக் கத்தின."

நூறு தடவை "பயமாயிருந்துச்சா?" என்று கேட்டேன். "எப்பவும் பயம்தான். அதுக்காக வீட்டுலயே இருக்கவா?" என்றாள்.

ஜூலை 28, வெள்ளி

மக்கெரெட்டா அக்கா கூப்பிட்டாள். ஜப்பானுக்கு எனக்குப் பதில் லம்பாசா ஊர்ப் பெண் போகிறாள். நியாயம்தான். சாயந்திரம்வரை அழுதேன்.

ராத்து கேட்டனுப்பியதாக அவளிடம் ஒன்று சொன்னேன். பார்க்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

இனோக்கே பன்னிரண்டாம் தேதி கூட்டம் கூட்டச் சொல்லியிருக்கிறார். நிற்க முடியாத தலைவர் வேண்டுமா என்று ஊர் முடிவு செய்யட்டுமாம். அப்பா சாப்பிடுவதே இல்லை. நான் அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால்... ராத்துவின் காலை இன்னும் சூலு மூடியிருக்கும். என்னால்தானே எல்லாம்?

ஆகஸ்ட் 12, சனி

நான் முன்னாடியே போய்விட்டேன், நாற்காலியோடு, மூன்றாவது வரிசையில். இனோக்கேயின் ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ராத்து வந்தார். அப்பா முதுகில் இல்லை. சூவாவிலிருந்து மக்கெரெட்டா அக்கா அனுப்பிய பழைய சக்கர நாற்காலியில், தானே தள்ளிக்கொண்டு. நான்கு நாளாக வீட்டுக்குப் பின்னால் பழகினார் என்று அப்பா அப்புறம் சொன்னார். கீழ்வாசல் சரிவில் ஏறினார். வாசலுக்கு உள்ளே பாய் ஓரம் மடங்கி முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. தள்ளினார். நகரவில்லை. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

ஐயோ என்று நாலு பேர் ஓடினார்கள். முதலில் ஓடியவர் இனோக்கே. அவரும் கெட்டவர் இல்லை, விழப்போகிறவரைப் பார்த்தால் கை தானே நீள்கிறது. ராத்துவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கப் போனார்.

"தொடாதே!"

அதே கத்தல். என்னுடையது. ராத்துவின் வாயிலிருந்து.

எல்லாக் கையும் நின்றன. ராத்து நாற்காலிப் பிடியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார், "தூக்கறதுன்னா கேட்டுட்டுத் தூக்கு, இனோக்கே."

இனோக்கே குனிந்தபடியே நின்றார். ஊர் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. பிறகு பாயில் மண்டியிட்டார்.

"தூக்கட்டுமா, ராத்து?"

"வேணாம். பாயை மட்டும் கொஞ்சம் இழு."

இழுத்தார். ராத்து உருண்டு தன் இடத்துக்குப் போனார். இனோக்கே கூட்டிய கூட்டத்தில் யங்கோனா விலை பற்றியும் பள்ளிக்கூடக் கூரை பற்றியும்தான் பேசினார்கள்.